பலகையில் மிதித்துப் பார்த்தவர்

நடன ரீச்சரோடு பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரேயொரு வேண்டுதல்தான். ரேடியோவில் பாட்டுப் போய்க்கொண்டிருக்கிற நேரம் பார்த்து நாங்கள் இறங்கும் இடம் வந்துவிடக் கூடாது. வந்தால் அவர் எழும்பமாட்டார். நான் சாறியை ஒரு கையிலும் பையை மற்றக் கையிலும் பிடித்துக்கொண்டு மிதிபலகைக்கு வந்து திரும்பிப் பார்ப்பேன். அவர் ஜன்னலோரம் அசையாமல் இருப்பார்.

"எழும்புங்ககா, கண்டக்டர் பேசப்போறான்" என்பேன்.

"இன்னும் ஒரு சரணம் இரிக்கி ரீச்சர்" என்பார்.

அந்தச் சரணம் முடியும்போது பஸ் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். இரண்டு பேரும் வெயிலில் திரும்பி நடப்போம். வழி நெடுக நான் ஏசுவேன். அவர் மறுமொழி சொல்லமாட்டார். கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. இன்று அவரை நினைத்து எழுத உட்காரும்போதும் எனக்கு முதலில் கால்தான் நோகிறது.

நாங்கள் இருவரும் படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நான் மனைப்பொருளியல், அவர் நடனம். இருவருக்கும் வீடு மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில். விடிய எழும்பி, பஸ் பிடித்து, துறைக்கு வந்து, பாதையில் ஏற வேண்டும். பாதை என்று எங்கள் பக்கம் சொல்வது ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. ஏறுமுன் இந்தக் கரையில் ஆமியின் சோதனை. இறங்கியதும் அந்தக் கரையில் இயக்கப் பொடியன்களின் சோதனை. இரண்டு இடத்திலும் பையைத் திறந்து காட்டிக் காட்டி எனக்குப் பையில் பூட்டே தேவையில்லாமல் போய்விட்டது. சுனாமியாகக் கடல் வந்த அடுத்த வருடம், சமாதான காலம் என்று பெயருக்கு இருந்த நாட்கள் அவை.

எதையும் இடையில் விடக்கூடாது என்பது ரீச்சரின் குணம். ரேடியோவில் மரண அறிவித்தல் போனால் கடைசிப் பெயர் வரைக்கும் கேட்பார். தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகும் கேட்பார். பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் முக்கால் மணித்தியாலம் பேசி, பிள்ளைகள் நித்திரையாகி, அதிபரே மெல்ல எழும்பிப் போன பிறகும் முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தவர் அவர்தான். ஆசிரியர் அறையில் நாங்கள் அவருக்குக் 'கடைசிச் சரணம்' என்று பட்டம் வைத்திருந்தோம். அது அவருக்குத் தெரியும். "நல்ல பேர்தானே" என்றார் ஒருநாள், தேத்தண்ணியை ஊதிக்கொண்டு.

நான் அதைக் கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். காரணத்தை ஒரேயொரு தடவை, பாதை நடு வாவியில் போய்க்கொண்டிருந்தபோது சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகவே தொடங்கினார்.

அவருடைய ஊர் களுதாவளைப் பக்கம் கடற்கரையோரம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோட்டோரப் பள்ளிக்கூடத்து மேல்மாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்குவார். மிருதங்கத்துக்கும் பாட்டுக்கும் ஆள் பிடிக்க வசதியில்லை. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம் எல்லாம் சேர்த்துப் பதிந்த சீடி ஒன்று வைத்திருந்தார். அதைப் போட ஒரு பழைய பிளேயர். பிள்ளைகள் அழுத்தி மிதித்தால் அந்தப் பிளேயர் துள்ளும். பாட்டு விக்கி விக்கி ஒரே இடத்தில் நிற்கும்.

"அண்டைக்கு ஏழெட்டுத் தரம் நிண்டிட்டு ரீச்சர்" என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "நானும் தட்டித் தட்டிப் பாத்தன். எனக்குக் கோபம் வந்திட்டு. போதும், போங்க புள்ளையள், மறுகா அடுத்த கிழமை பாப்பம் எண்டு அனுப்பிற்றன். வேளைக்கே அனுப்பிற்றன். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளையள் மூண்டு பேர் ஓடிப் போனாங்க, வீட்ட போய்ச் சாப்பிடுவம் எண்டு. அவங்க போய்ச் சேர, கடல் வந்திட்டு."



"பாட்டு நிக்காம ஓடியிருந்தா எல்லாரும் மேல்மாடியில இரிந்திருப்பாங்க" என்றார். "முழுசா முடிச்சு அனுப்பியிருந்தா."

பாதை கரையில் முட்டியது. அவர் பையை எடுத்துக்கொண்டு சோதனைக்கு வரிசையில் நின்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பஸ்ஸில் அவசரப்படுத்தியதில்லை. ஏசாமல் இருந்தேன் என்று சொல்லமாட்டேன். ஏசினேன், ஆனால் இறங்கின பிறகு.

அந்த வருடந்தான் உதவி நிறுவனம் ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்து நடன வகுப்புக்கு ஒரு சீடி பிளேயர் வாங்கக் காசு தந்தது. ஒரு பிளேயர் வாங்கலாம், இரண்டாவதை நினைத்துப் பார்க்கவும் ஏலாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது கரண்ட் இல்லை. மேடை என்பது கொங்கிறீட் கல்லின் மேல் பரப்பிய பலகை. அந்தப் பலகையின் மேல்தான் பிளேயரையும் வைக்க வேண்டும், பிள்ளைகளும் ஆட வேண்டும். இதையெல்லாம் காசு தந்தவர்களுக்கு யார் சொல்வது? அவர்கள் கேட்டது பில் ஒன்றுதான்.

அதிபர் என்னைத் துணைக்குப் போகச் சொன்னார். "நீங்க போனாத்தான் அலுவல் கெதியா முடியும்" என்றார். அவருக்கு ரீச்சரைத் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை.

மட்டக்களப்பு ரவுணில் நாங்கள் ஏறி இறங்காத ரேடியோக் கடை இல்லை. ஒவ்வொரு கடையிலும் ரீச்சர் தன்னுடைய சீடியைப் பையிலிருந்து எடுத்து, தாவணித் துணியால் சுற்றியிருந்ததைப் பிரித்து, கடைக்காரரிடம் நீட்டுவார்.

"இதப் போடுங்க தம்பி. முழுசாப் போடுங்க."

கடைக்காரர்கள் கொஞ்சம் போட்டுக் காட்டி, "சவுண்ட் சுப்பர் ரீச்சர், பாருங்க" என்று நிறுத்தப் பார்ப்பார்கள். அவர் கையை உயர்த்தித் தடுப்பார். பாட்டு பதினொரு நிமிடம். பதினொரு நிமிடமும் வாசலில் வாடிக்கையாளர் நிற்பார்கள், நான் விசிறிக்குக் கீழே இடம் தேடுவேன். இதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கடையில், புத்தம் புதிய பிளேயர் ஒன்றைப் பார்த்து அவருக்கும் மனம் வந்துவிட்டது. வெள்ளி நிறம், கைபிடி, ரோர்ச்லைற்றுக்குப் போடும் பெரிய பற்றரியிலும் வேலை செய்யும். பாட்டு முழுக்கத் தடங்கல் இல்லாமல் ஓடியது. நான் முருகனுக்கு மனதால் நன்றி சொல்லிக் காசை எடுக்கப் போனேன்.

"கொஞ்சம் வெளிய கொண்டு வாங்க தம்பி" என்றார் ரீச்சர்.

கடைக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கானுக்கு மேல் நீளமாகப் பலகை போட்டிருந்தார்கள். அதன் ஒரு நுனியில் பிளேயரை வைக்கச் சொன்னார். மற்ற நுனியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். சாறியை இடுப்பில் செருகினார். பட்டப்பகலில், பஸ் போகிற ரோட்டில், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அரசாங்கப் பள்ளிக்கூட ரீச்சர் அரைமண்டியில் இருந்து தட்டடவு மிதிக்கத் தொடங்கினார். தை யா தை, தை யா தை. பலகை அதிர்ந்தது. முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். நான் எதிர்க்கடையில் தொங்கிய வாளிகளை விலை கேட்கிறவள் போல நின்றேன்.

மூன்றாவது மிதிக்குப் பாட்டு விக்கியது. ஐந்தாவதற்கு நின்றுவிட்டது.

ரீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினார். முகம் வெளிறிப் போயிருந்தது. "இது வேணாம் தம்பி" என்றார்.

"பலகையில வச்சு மிதிச்சா எந்தச் சீடியும் நிக்கும் ரீச்சர்!" என்றார் கடைக்காரர். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் பின்னால் வந்தார். பஸ் நிலையத்து ஒழுங்கையில் வாகன ரேடியோ திருத்துகிறவர். தன்னிடம் உடைந்த வேனில் இருந்து கழற்றிய சீடி பிளேயர் ஒன்று இருக்கிறது என்றார். அதைப் பலகைப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு ஸ்பீக்கரைப் பூட்டி, மோட்டார்சைக்கிள் பற்றரி ஒன்றையும் உள்ளே பொருத்தித் தரலாம். புதியதை விட மலிவு. சத்தமும் பெரிது.

"இது குண்டும் குழியுமான ரோட்டில ஓடின சாமான் ரீச்சர். உங்கட பிள்ளையள் மிதிச்சா இதுக்குத் தெரியவே தெரியாது."

அடுத்த கிழமை போய்ப் பார்த்தோம். பெட்டி தயாராக இருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு வருகிற பெட்டியளவு. முன்னால் பச்சை வெளிச்சத்தில் எண்கள் ஓடின. பின்பக்கம் திறந்தால் சிவப்பும் கறுப்புமாக வயர்கள், நடுவில் பற்றரி. ரீச்சர் அதைப் பலகையில் வைத்து மிதித்தார். குதித்தார். பிறகு திருத்துகிறவரையும் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னார். பாட்டு ஒரு சொல்லைக்கூட விடவில்லை. அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இத எப்பிடிக் கொண்டு போறது?" என்றேன். "பின்னால திறந்து பாத்தா என்னெண்டு நினைப்பான்? வயரும் பற்றரியும். புதுசெண்டா பெட்டியில படம் போட்டிருக்கும், பில் இரிக்கும். காட்டிட்டுப் போயிரலாம்."

"பெட்டியில இரிக்கிற படம் பாடாது ரீச்சர்" என்றார்.

"நிக்கிறது நிக்கட்டும். நிண்டா மறுகா போடலாம்தானே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். திருத்துகிறவர் வெள்ளைத் தாளில் எழுதித் தந்ததை அதிபர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பில் என்று ஏற்றுக்கொண்டார்.

நான் பயந்தபடியேதான் நடந்தது. துறையில் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்த சிப்பாய் இரண்டு அடி பின்னால் போனான். வரிசையில் நின்ற எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னான். பெரியவன் ஒருவன் வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டான். ரீச்சருக்குச் சிங்களம் நாலு சொல்தான். அவர் கையைக் காட்டி, காலைக் காட்டி, முத்திரை பிடித்துக் காட்டினார். பிறகு குனிந்து தானே சுவிச்சைப் போட்டார்.  பாட்டு வந்தது.

சிப்பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஹரி ஹரி", சரி சரி என்று போகச் சொல்லிக் கையசைத்தான். ரீச்சர் போகவில்லை. பாட்டு இன்னும் முடியவில்லையே! பாதை வந்து காத்து நின்றது, பாதைக்காரர் கத்தினார், மீன்பெட்டியோடு நின்ற ஆட்கள் முணுமுணுத்தார்கள். ரீச்சர் சோதனைச் சாவடிக்கு முன்னால் கைகட்டி நின்று பதினொரு நிமிடமும் கேட்டார். சிப்பாயும் வேறு வழியில்லாமல் நின்று கேட்டான். நான் மண்மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த முகாம் முழுக்க அதற்கு 'டான்ஸ் பெட்டி' என்று பெயர்.

அந்தக் கரையிலும் பொடியன்கள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு ஒருநாள் கூட்டம் ஒன்றுக்கு இரவல் கேட்டு வந்தார்கள். மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஆட்களா அவர்கள்? ரீச்சர் கொடுத்தார். ஆனால் பாட்டைப் போட்டால் இடையில் நிறுத்திப் பேசக்கூடாது, முடிந்த பிறகு பேசுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். பெட்டி அடுத்த நாளே திரும்பி வந்துவிட்டது.

ஒன்றரை வருடம் போல அந்தப் பெட்டி எங்கள் பலகை மேடையில் பாடியது. ரீச்சரின் பிள்ளைகள் மிதிப்பதைப் பார்க்க வேண்டும். மேடையில் இருந்து தூசி எழும்பும். "பூமி நோகட்டும் மனே, மிதி!" என்று கத்துவார். ஆணோ பெண்ணோ, எங்கள் பக்கம் பிள்ளை என்றால் 'மனே'தான். முன்வரிசையில் வாவி மீனவர் ஒருவரின் மகள் ஆடுவாள். ஒல்லிக் குச்சி, ஆனால் அவள் மிதித்தால் பக்கத்து வகுப்பில் என்னுடைய மாவுப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். தகப்பன் சில நாட்களில் தோளில் வலையோடு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார். உள்ளே வாங்க என்றால் வரமாட்டார். "மீன் நாத்தம் ரீச்சர்" என்பார். பாட்டு முடியும்வரை நிற்பார். முடிந்தால்தான் வகுப்பு விடும், வகுப்பு விட்டால்தான் பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம் என்பது ஊருக்கே தெரிந்த சட்டமாகிவிட்டது.

பிறகு சண்டை தொடங்கியது. பாதை நின்றது. நாங்கள் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டோம். பெட்டி பள்ளிக்கூடத்தில் நின்றுவிட்டது, சீடி மட்டும் ரீச்சரிடம் இருந்தது. படுவான்கரைப் பக்கம் செல் குண்டு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கையைப் பிசைவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒருநாள் சனம் வெளிக்கிட்டு வருகிறது என்றார்கள். ரீச்சர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டு பேரும் துறைக்கு ஓடினோம்.

தோணிகளில் சனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சட்டி பானை, கோழி, நெல்மூட்டை, வயதுபோன ஆட்களைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு. எங்கள் பிள்ளைகளைத் தேடி நாங்கள் பெயர் பெயராகக் கூப்பிட்டோம். ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். ரீச்சர் ஒவ்வொரு தலையையும் தொட்டுப் பார்த்தார். மீனவரின் மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தகப்பன் பின்னால் வந்தார். மற்ற ஆண்கள் தலையில் அரிசி மூட்டை. அவர் தலையில் சாக்கால் சுற்றிய சதுரமான ஒரு சாமான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ரீச்சருக்கும் விளங்கியிருக்க வேண்டும். என் முழங்கையை நகம் பதியப் பிடித்தார்.

சோதனையில் நின்றவர்கள் பழைய ஆட்கள் இல்லை. டான்ஸ் பெட்டியை அறிந்தவர்கள் எப்போதோ மாறிப் போய்விட்டார்கள். சாக்கை அவிழ்த்தார்கள். பலகைப் பெட்டி, வயர், பற்றரி. அடுத்த நிமிடம் எல்லாரும் கத்தினார்கள். மீனவர் மண்ணில் குப்புறக் கிடந்தார், முதுகில் ஒரு சப்பாத்து.

ரீச்சர் ஓடினார். நான் சாறித் தலைப்பைப் பிடித்தேன், அது என் கையோடு கிழிந்து வந்தது. "அது என்ர சாமான்! பாடுற சாமான்! நான் போட்டுக் காட்டுறன்" என்று கத்திக்கொண்டு போனார். துவக்கு முனை அவர் பக்கம் நீண்டதும்தான் நின்றார். தமிழ் தெரிந்த ஒருவன் வந்தான். அவனுக்கு எல்லாம் சொன்னார். பள்ளிக்கூடம், நடனம், வேன் பிளேயர். சுவிச்சைத் தான் போடுகிறேன் என்று கெஞ்சினார். அவன் கேட்டுவிட்டு, "யாரும் அதத் தொடக்கூடாது" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்களில் அப்படியான பெட்டிகள் வேறு வேலைக்கும் வந்துகொண்டிருந்தன.

மீனவரை வாகனத்தில் ஏற்றினார்கள். மகள் "அப்பா" என்று கத்தப் போனாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பெட்டியை வாவிக்கரை வெட்டைவெளிக்குக் கொண்டுபோய் வைத்து, பின்னேரம் வெடிக்க வைத்தார்கள். சின்னச் சத்தந்தான். அந்தக் கிழமை நாங்கள் கேட்ட சத்தங்களோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

மீனவர் திரும்பி வரும்வரை ரீச்சர் சாப்பிட்டதை நான் காணவில்லை. கிராம அலுவலர் விதானையிடம் போனார், கோயில் ஐயரிடம் போனார், பாதிரியாரிடம் போனார், ஆமி முகாம் வாசலில் வெயிலில் நின்றார். நானும் கூடவே அலைந்தேன். அவர் பேசியதெல்லாம் ஒன்றுதான்: "நான்தானே ரீச்சர் அந்தப் பெட்டிய எடுத்தன். நீங்க சொன்னீங்கதானே புதுச எடுக்கச் சொல்லி." இல்லை என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் சொல்லியிருந்தேன்தான்.

சில நாட்களில் மீனவரை விட்டுவிட்டார்கள். சனம் தங்கியிருந்த கூடார முகாமில் மரத்தடியில் நாங்கள் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்துக்கொண்டிருந்த நேரம், அவர் நொண்டி நொண்டி வந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நேரே ரீச்சரிடம் வந்து, கும்பிடுகிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ரீச்சர், பெட்டியக் காப்பாத்த ஏலாமப் போயிட்டு" என்றார். "கோவிக்காதீங்க."

எந்த மனுசன் இதைச் சொல்வான்! எனக்கு அழுகை வந்துவிட்டது.  ரீச்சர் அவருடைய கையைப் பிடித்து இறக்கிவிட்டுக் கேட்டார்.

"அத ஏன் தம்பி தூக்கினீங்க? அரிசியத் தூக்கியிருக்கலாமே."

"இடையில நிக்கப்படாதெண்டு நீங்கதானே சொல்லுவீங்க" என்றார் அவர். "பிள்ளையள்ட பழக்கம் விட்டுப் போயிரும் எண்டு தூக்கினன்."

ரீச்சர் அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். நிறுத்தியதால் மூன்று பிள்ளைகள் போனார்கள். நிறுத்தக்கூடாது என்றதால் ஒரு தகப்பன் போகப் பார்த்தான். இரண்டு பக்கமும் பிழை என்றால் ஒரு மனுசி என்னதான் செய்வது? 

சனம் ஊருக்குத் திரும்பியது. நாங்களும் திரும்பினோம். பள்ளிக்கூடத்துக் கூரை போயிருந்தது, பலகை மேடை இருந்தது. கரண்ட் கம்பம் நட்டார்கள். வேறொரு நிறுவனம், வேறொரு உதவி. மறுபடியும் ஒரு பிளேயருக்கு அளவான காசு. வன்னியில் சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன வைகாசிக்குக் கொஞ்சம் பிறகு நானும் ரீச்சரும் ரவுணுக்குப் போனோம். தெருவில் கொடி கட்டியிருந்தார்கள். பஸ்ஸில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் இடம் வந்தது. ரீச்சர் எனக்கு முன்னால் எழும்பி இறங்கினார்.

அதே கடைதான். கடைக்காரர் எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டு, கேட்காமலே ஒரு புதுப் பிளேயரைத் தூக்கி வெளியே கொண்டுபோய்ப் பலகையில் வைத்தார். "வாங்க ரீச்சர், மிதிச்சுப் பாருங்க" என்றார்.

"வேணாம் தம்பி. பெட்டிய உடைக்காமத் தாங்க. பில்லில பள்ளிக்கூடத்துப் பேரப் பெரிசா எழுதுங்க, முத்திரையும் குத்துங்க."

"ஒருக்காப் போட்டாவது பாக்கலையா?"

"வேணாம்."

எத்தனை கடையில், எத்தனை வெயிலில், இந்த மனுசி போட்டுப் பார்ப்பதை நிறுத்தமாட்டாரா என்று நான் வேண்டியிருப்பேன்! அன்று நிறுத்தினார். எனக்கு ஏதோ ஒரு சாவீட்டில் நிற்பது போல இருந்தது. "ரீச்சர், ஒருக்கா மிதிச்சுப் பாருங்களன்" என்று நானே சொன்னேன். அவர் காசைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிலையத்தில் திருத்துகிறவர் எங்களைக் கண்டு ஓடி வந்தார். இன்னொரு வேன் பிளேயர் வந்திருக்கிறதாம், ரீச்சரை நினைத்து எடுத்து வைத்தாராம். முதல் பெட்டிக்கு நடந்தது அவருக்குத் தெரியாது.

"இப்ப எங்களுக்குக் கரண்ட் வந்திட்டு தம்பி" என்று மட்டும் சொன்னார் ரீச்சர். அவரைச் சந்தோசமாக அனுப்பிவிட்டார்.

சோதனையில் சிப்பாய் பெட்டியின் படத்தைப் பார்த்தான், பில்லைப் பார்த்தான், போகச் சொன்னான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. மீனவரின் மகள் முதல் மிதி மிதித்ததும் பாட்டு விக்கியது. பிள்ளைகள் தூக்கிய காலோடு நின்று ரீச்சரைப் பார்த்தார்கள். கீழே மண்ணில் வைத்தால் வயர் எட்டவில்லை. மெத்தை வைத்தோம், சாக்கு வைத்தோம், ஒன்றும் சரிவரவில்லை. ரீச்சர் பிளேயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைகளிடம் திரும்பினார்.

"மெல்ல மிதிங்க மனே" என்றார். "சத்தம் கேக்காம."

நான் அடுத்த வகுப்பில் மா குழைத்துக்கொண்டு இதைக் கேட்டேன். முதலில் எனக்கு விளங்கவில்லை. தட்டடவைச் சத்தம் கேட்காமல் எப்படி ஆடுவது? ஆனால் அவர் பழக்கினார். குதியை வைக்காமல் விரலை வைத்து, விரலையும் ஒட்டி எடுக்கிற மாதிரி. கிழமைக் கணக்காகப் பழக்கினார். பாட்டு நிற்பது குறைந்தது. கடைசியில் நிற்காமலே ஓடியது. என்னுடைய பாத்திரங்கள் கிணுகிணுப்பதை விட்டுவிட்டன.

அந்த வருடம் பிள்ளைகளை ரவுணில் நடந்த போட்டிக்குக் கொண்டுபோனோம். பெரிய மண்டபம், சீமெந்து மேடை. பாட்டுப் போடுகிற பெட்டியெல்லாம் தனி அறையில், கண்ணாடிக்குப் பின்னால். நான் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்து ரீச்சரிடம் சொன்னேன்.

"இஞ்ச யானை மிதிச்சாலும் பாட்டு நிக்காது ரீச்சர். பிள்ளையளுக்குச் சொல்லுங்க, நல்லா மிதிக்கட்டும்."

"பழகிற்றாங்க ரீச்சர்" என்றார். "இப்ப மாத்திச் சொன்னாப் பயந்திருவாங்க."

எங்கள் பிள்ளைகள் மேடைக்கு வந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஆடிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மிதிச் சத்தம் இன்னும் மண்டபத்துக்குள் நின்றது. பாட்டு தொடங்கியது. கை சரி, கண் சரி, வரிசை நூல் பிடித்தது மாதிரி. சலங்கை மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. நடுவர்களில் ஒருவர் கழுத்தை நீட்டி அவர்களுடைய கால்களைப் பார்த்தார். மீனவரின் மகள் முன்வரிசையில், விரல் நுனியில், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல ஆடினாள். 'மிதி மனே, நல்லா மிதி' என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. 

பாட்டு ஒரு இடத்திலும் நிற்காமல் முடிந்தது. ரீச்சர் என் கையைப் பிடித்தார். 

"முழுசா முடிஞ்சிட்டு ரீச்சர்" என்றார்.

"ஓம் ரீச்சர்" என்றேன்.